வேலூர் வட்டாரக் கோயில் கொடைக் கல்வெட்டுகள்

பாலாறும் பொன்னையாறும் ஓடும் வேலூர் வட்டாரத்தில் கோயில் சுவர்களிலும் பாறைகளிலும் வெட்டப்பட்ட தான ஆவணங்கள் இவை. 9 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை பரவியவை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று: யேமன் நாட்டு மாரிப் நகரில், பண்டைய சபேயர்கள் அல்மகா தெய்வத்துக்குப் படிமம் படைத்ததைக் கோயில் கல்லில் பொறித்தார்கள். வேண்டியது கிடைத்தது, நேர்ந்ததைச் செலுத்தினோம் என்ற நன்றி அது. பாலாற்றங்கரைக் கல்லோ நன்றியோடு நிற்பதில்லை. முதல் எவ்வளவு, யார் பொறுப்பு, எதுவரை நடக்கவேண்டும் என்பதையும் எழுதிவைக்கும்.

திருவல்லம் வில்வநாதீசுவரர் கோயில்தான் இதில் பெரிய களஞ்சியம். பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் 17ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, மூன்று ஊர்களை ஒன்றாக்கிக் கோயிலுக்கு விட்டதைச் சொல்கிறது. வருவாயில் பங்குபெறுவோர் வரிசையில் திருப்பதியம் பாடுவாரும் உண்டு. கோயிலில் பதிகம் ஓதுவாருக்குப் படி அளந்ததற்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்று இது. மண்டபத்தை இடித்துக் கட்டியபோது பழைய கல்லின் வாசகத்தைப் படியெடுத்து மீண்டும் வெட்டிய குறிப்பும் இங்கே இருக்கிறது. கட்டடம் போனாலும் உரிமை போகக்கூடாதல்லவா?

சோழர் காலத்தில் எங்கும் மிகுதி விளக்குக் கொடைதான். ஊர்ச் சபை பொன்னை வாங்கிக்கொண்டு வட்டியில் விளக்கெரிக்கும். இல்லையென்றால் ஆடுகள் இடையர் வசம் போகும். ஒரு நுந்தா (அணையா) விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு, நாளுக்கு உழக்கு நெய். இவை ‘சாவா மூவாப் பேராடுகள்’. செத்ததைக் குட்டி ஈடுகட்டும், எண்ணிக்கை குறையாது.

10ஆம் நூற்றாண்டின் நடுவில் இப்பகுதி இராட்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணன் கைக்குப் போனது. 959இல் அவன் பாசறை மேல்பாடியில் இருந்ததாகக் கர்ஹாட் செப்பேடு கூறுகிறது. வேலூர் பாவாஜி மலைப் பாறைக் கல்வெட்டு அவனைக் கன்னரதேவன் என்கிறது. மலைக்கோயில் சிவனுக்கு நுளம்ப மரபினன் ஒருவன் வேலூர்ப்பாடியைக் கொடுத்த செய்தி அது. ஆட்சி செய்தவன் கன்னட நாட்டான், எழுத்து தமிழ். சோழர் திரும்பிய பிறகு, ஆற்றூரில் இறந்த தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக மேல்பாடியில் இராசராசன் பள்ளிப்படைக் கோயிலே எடுத்தான்.

ஆம்பூரின் புகழ்பெற்ற இரு கற்கள் வேறு இனம். பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் மாட்டு மந்தையை மீட்கப் போராடி மாண்டவர்களின் நடுகற்கள் அவை.

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலில் சங்கதியே மாறுகிறது. 1426இல், விஜயநகர மன்னன் இரண்டாம் தேவராயன் ஆட்சியில், படைவீட்டு இராச்சியத்துப் பிராமணர்கள் (கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாடர்) சேர்ந்து செய்த உடன்படிக்கை அது. பெண்ணைக் கன்னியாதானமாகவே கொடுக்கவேண்டும். பொன் வாங்கிக் கொடுத்தவரும் பொன் தந்து மணந்தவரும் அரச தண்டனைக்கும் சாதி விலக்குக்கும் ஆளாவர். சாமிக்கு ஒரு ஆழாக்கு எண்ணெய்கூட இதில் கிடையாது. தானம் எழுதிப் பழகிய சுவரின் மேல் ஊருக்கு அவ்வளவு நம்பிக்கை.

வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு, வேலூர்த் தலைவர் சின்னபொம்ம நாயக்கர் காலத்தில் விடப்பட்ட கொடைகள் 1566ஐச் சேர்ந்தவை.

ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் விரிஞ்சிபுரம், வேலூர்க் கல்வெட்டுகளை 1890இலும், திருவல்லம், மேல்பாடிக் கல்வெட்டுகளை 1899இலும் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளில் அச்சேற்றினார். அவற்றுள் திருவல்லத்து இராசராசனின் 7ஆம் ஆண்டுக் கொடை ஒன்று ஐப்பசி விஷு, ரேவதி நட்சத்திரம், சந்திர கிரகணம் மூன்றும் கூடிய நாளில் நடந்திருக்கிறது. அறிஞர் கீல்ஹார்ன் கணக்கிட்டபோது அந்நாள் 991 செப்டம்பர் 26 என்று வந்தது. இராசராசன் அரியணையேறிய ஆண்டு 985 என்று பாடநூல்கள் எழுதுவதற்கு வழிவிட்ட கணிப்புகளில் இது முக்கியமானது.