அடுக்களையும் பள்ளிக்கூடமும்

தர்மபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி என்றவுடன் வரலாறு பயின்றோர் நெஞ்சில் எழும் பெயர் சுப்பிரமணிய சிவாவின் பெயரே. சிறை தந்த தொழுநோயோடு ஊர் ஊராக நடந்து திரிந்த அத்தியாகி, இறுதியில் இவ்வூரைத் தேர்ந்து பாரதாசிரமம் அமைத்தார். 1923ஆம் ஆண்டில் தேசபந்து சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு பாரத மாதா ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டுவித்தார். 1925ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள் இங்கேயே கண்மூடினார். அவர் நினைவிடத்தைக் காணச் செல்வோருள் பலர், அதே ஊரிலுள்ள மற்றொரு நிலையத்தை எட்டிப் பார்ப்பதில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேளாண்மை அறிவியல் நிலையமே அது. நாம் சொல்லப் புகும் செய்தி அங்கிருந்துதான் தொடங்குகின்றது.

இந்நாட்டின் முதல் வேளாண்மை அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தோன்றியது. இத்தகைய நிலையங்களை வகுத்தோர் பயிர், மண், கால்நடை முதலிய துறைகளோடு மனையியலையும் ஒரு துறையாகச் சேர்த்து வைத்தனர். விளைந்த தானியம் களத்து மேட்டோடு நின்றுவிடுவதில்லையே. அது உலைக்கு வந்தாக வேண்டும். கேழ்வரகை முளைகட்டி மாவாக்குவது, சாமையையும் தினையையும் புதிய பண்டங்களாகப் பக்குவப்படுத்துவது, பழங்கள் அழியாமல் பதப்படுத்துவது போன்றவற்றை நாட்டுப்புறப் பெண்டிருக்குக் கற்பிப்பது இவற்றின் பணிகளுள் ஒன்று. நற்பணியே, நமக்கு அதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு வினா எழுகின்றது. பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, முப்பது வயதைக் கடந்த பின்னர் பயிற்சி முகாமில் அமர்ந்து கற்கும் இப்பாடத்தைப் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்திலேயே கற்றிருக்கலாகாதா?

“வீட்டு வேலையை வீட்டில் கற்றுக்கொள்வார்கள், அதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு?” என்று விடை சொல்வோர் நம்மிடையே பலர். தாயிடம் மகள் கற்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்பர். அவ்விடை போதாது என்பதைத் தர்மபுரிச் சீமையின் தண்ணீரே நமக்குக் காட்டுகின்றது.

இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு என்னும் உப்பு பல இடங்களில் அளவுக்கு மிஞ்சி இருந்து வந்தது. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதைக் கடந்த நீரைப் பருகி வளரும் குழந்தைகளின் பற்கள் பழுப்பேறுகின்றன. ஆண்டுக்கணக்கில் பருகுவோரின் எலும்பும் மூட்டும் இறுகிப் போகின்றன. இதனைத் தீர்க்கவே ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 2013இல் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. காவிரி நீர் ஊர்களுக்கு வந்தது. ஆனால் குழாயில் நீர் வராத நாளில் குடம் எங்கே செல்லும்? பழைய ஆழ்துளைக் கிணற்றுக்குத்தான் செல்லும். அந்நீரைத் தாய் என்ன செய்வாள்? தன் தாய் சொல்லித் தந்தபடி நன்றாகக் கொதிக்க வைப்பாள். கிருமியைக் கொல்லும் அக்கொதிப்பு ஃப்ளோரைடை அணுவளவும் நீக்குவதில்லை. நீர் ஆவியாகக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்கின்றது! அன்போடும் அக்கறையோடும் செய்யும் செயலே தீங்கைச் சற்று மிகுவிக்கின்றது. குறை அந்தத் தாயினுடையது அன்று. அவளுடைய தாய்க்கும் பாட்டிக்கும் தெரிந்திராத ஒன்று, வீட்டு மரபின் வழியாக அவளிடம் வந்து சேர வழியே இல்லை. அது வருவதற்குரிய வாயில் பள்ளிக்கூடம் ஒன்றே.

இவ்வுண்மையை நம்மவர் சிலர் வெகு முன்னரே உணர்ந்திருந்தனர். டெபுடி நஸீர் அஹ்மத் 1869இல் வெளியிட்ட ‘மிர்ஆத்துல் உரூஸ்’ என்னும் உருது நவீனத்தில் அக்பரி, அஸ்கரி என்று இரு சகோதரிகள் வருகின்றனர். மூத்தவள் குடித்தனத்தைக் குலைக்கின்றாள், இளையவள் நிமிர்த்துகின்றாள். இருவருக்கும் உள்ள வேற்றுமை கைத்திறனில் மட்டும் இல்லை. இளையவளுக்கு எழுத்தும் கணக்கும் தெரியும். வேலைக்காரர் செய்யும் மோசடியைக் கணக்குக் கொண்டே அவள் கண்டுபிடிக்கின்றாள். பின்னர்த் தெருச் சிறுமியரைச் சேர்த்துத் தன் இல்லத்திலேயே ஒரு சிறு பள்ளியும் நடத்துகின்றாள். நஸீர் அஹ்மதின் கதைப் போக்கில் உபதேச வாடை சற்று மிகுதிதான். இன்றைய வாசகர் கொட்டாவி விடவும் கூடும். ஆயினும் குடித்தனத்தைக் கல்வியோடு பிணைத்த அவருடைய கூர்மையை மறுப்பதற்கில்லை.

அவரினும் ஒரு படி மேலே சென்றவர் வங்கத்துப் பேகம் ரொக்கையா. 1911இல் கல்கத்தாவில் சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளியைத் தொடங்கிய அப்பெருமாட்டி, அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே நல்ல இல்லாளைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். ‘பெண்ணுக்கு வீட்டு வேலை போதும், கல்வி எதற்கு’ என்று கேட்டவர்களை அவர்களுடைய வாதத்தைக் கொண்டே அவர் மடக்கினார். வீட்டைச் செவ்வனே நடத்த வேண்டுமாயின் சமையலுக்கு இரசாயனம் தெரிய வேண்டும், நோயாளியைப் பேண மருத்துவ அறிவு வேண்டும், தோட்டத்திற்குத் தாவரவியல் வேண்டும் என்னும் போக்கில் அவர் வாதம் விரிகின்றது. அதே கையால் 1905இல் ஆங்கிலத்தில் ‘சுல்தானாவின் கனவு’ என்னும் கதையை எழுதி, ஆடவரை அந்தப்புரத்தில் அமர்த்தி அடுக்களையை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டார்! இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

இனி, நாட்டின் பொதுக் கல்விக்குள் மனையியல் புகுந்த வரலாற்றைப் பார்ப்போம். 1937 அக்டோபர் 22, 23 ஆகிய நாள்களில் காந்தியடிகள் வார்தாவில் கல்வி மாநாடு கூட்டினார். ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுக்க அங்கே அமைக்கப்பட்ட குழுவின் தலைவர், அந்நாளில் ஜாமிஆ மில்லியாவின் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்கள். குழுவை இணைத்து நடத்தியவர் யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகம். உறுப்பினருள் தஞ்சைத் தரணியில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் ஒருவர். கையால் செய்யும் தொழிலின் வழியாகவே மொழியும் கணக்கும் அறிவியலும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது அத்திட்டத்தின் உயிர்நாடி. நூற்பும் நெசவும், தச்சு, வேளாண்மை ஆகியவற்றோடு மேல் வகுப்புச் சிறுமியருக்கு மனையியலும் அதில் இடம் பெற்றது. ஜாகிர் ஹுசைன் குழு தொழிலைப் பள்ளிக்குள் கொண்டு வந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம். ஏனெனில் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் சென்னை மாநிலத்தில் நடந்தது அதற்கு நேர் எதிரானது.

1953இல் முதலமைச்சர் இராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய திட்டம் ஒன்றைக் கொண்டு வந்தார். நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு. எஞ்சிய பொழுதில் சிறுவர் தந்தையின் தொழிலையும் சிறுமியர் தாயிடம் வீட்டு வேலையையும் கற்க வேண்டும் என்பது ஏற்பாடு. தொழிலைப் பள்ளிக்குள் கொணராமல், பிள்ளையைப் பள்ளியை விட்டு வெளியே அனுப்பிய திட்டம் இது. பெரியாரும் திராவிடர் இயக்கத்தாரும் இதனைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் போர்க்கோலம் பூண்டனர். ஆராய்ந்த வல்லுநர் குழு திட்டம் நன்றே என்றது. மக்கள் மன்றமோ தீதே என்றது. 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி துறந்தார்; காமராசர் முதல்வரானார்; மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

இராஜாஜி ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். அவ்வூரும் பாப்பாரப்பட்டியும் அந்நாளில் ஒரே சேலம் மாவட்டத்தில் இருந்தவை. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். இந்த மண்ணின் வறுமையை அவர் அறியாதவர் அல்லர். அவருடைய எண்ணத்தில் வஞ்சகம் இருந்ததென்று நாம் சொல்லத் துணியோம். ஆனால் பெண் குழந்தையைப் பொறுத்தவரை அத்திட்டத்தின் பொருள் என்ன? வீட்டில் உள்ள வேலை முழுவதையும் முன்னரே செய்துகொண்டிருந்த சிறுமிக்கு அரசு கூடுதலாக வேலை தந்தது. அதற்குக் கல்வி என்று பெயரும் சூட்டியது. தம்பியை இடுப்பில் சுமப்பதும் விறகு பொறுக்குவதும் கல்வியாகிவிடுமா? திட்டத்தை எதிர்த்தவர்கள் சாதியை முன்னிட்டுப் பேசியது முற்றிலும் முறையே. சிறுமியின் பங்கைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படவில்லை என்பது நம் வருத்தம்.

அத்திட்டம் வீழ்ந்தது நன்மையே. அதனோடு சேர்ந்து வீழ்ந்த மற்றொன்றும் உண்டு. ‘பள்ளியில் கைவேலை, வீட்டு வேலை’ என்ற பேச்சை யார் எடுத்தாலும், பழைய குலக்கல்வி மீண்டும் வருகிறதோ என்ற அச்சம் தமிழகத்தில் வேரூன்றிவிட்டது. அச்சத்திற்குக் காரணம் இருந்தது. ஆயினும் அதன் நிழலில், மனையியலை அறிவியலாகக் கற்பிக்கலாம் என்ற கருத்தும் மங்கிப் போயிற்று. டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பெண்கள் பயிலும் பள்ளிகளிலெல்லாம் மனையியலுக்கு வசதி வேண்டும் என்று கூறியிருந்தது. 1960களின் தொடக்கத்தில் ஹன்சா மேத்தா தலைமையில் கூடிய குழு, ஆணுக்கொரு பாடம் பெண்ணுக்கொரு பாடம் என்று பிரித்தலாகாது என்றது. நடுநிலை வகுப்புகளில் மனையியலை இருபாலாருக்கும் பொதுவாக்கச் சொன்னது. 1964-66இன் கோத்தாரிக் குழுவும் மனையியலைப் பெண்களுக்கு மட்டும் கட்டாயமாக்குதல் கூடாது என்றே தெளிவுறுத்தியது. இவ்வளவும் ஏட்டில் இருந்தன.

உயர்கல்வியில் மட்டும் இத்துறை தழைத்தது. டில்லியில் 1932இல் லேடி இர்வின் கல்லூரி தோன்றியது. நம் மாநிலத்தில் கல்வி அமைச்சராக 1946 முதல் 1949 வரை இருந்த தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் 1957இல் கோவையில் பெண்களுக்கென மனையியல் கல்லூரியை நிறுவினார். டாக்டர் இராஜம்மாள் தேவதாஸ் போன்ற ஊட்டச்சத்து அறிஞரின் உழைப்பால் வளர்ந்த அக்கல்லூரி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. சத்துணவு பற்றிய ஆராய்ச்சிகளும் நூல்களும் அங்கிருந்து வந்தன. மேல்நிலை வகுப்புகளிலும் மனையியல் விருப்பப் பாடமாக வைக்கப்பட்டது. விரும்பி எடுப்பவர் யார்? அநேகமாகப் பெண்கள். அறிவியல் பிரிவில் இடம் கிடைக்காதோர் அடையும் புகலிடம் என்ற இளக்காரமும் அதனோடு ஒட்டிக்கொண்டது. அடுக்களைக்கு அருகில் செல்லும் எந்த அறிவையும் தாழ்வாக எண்ணும் நம் மனப்பாங்கு கல்லூரி வாயில் வரை வந்துவிட்டதே!

ஜப்பானியர் இவ்விடத்தில் நம்மை முந்தினர். அங்கே 1993இல் நடுநிலைப் பள்ளியிலும் 1994இல் உயர்நிலைப் பள்ளியிலும் மனையியல் மாணவர், மாணவியர் இருவருக்குமே கட்டாயமாயிற்று. அதற்கு முன் உயர்நிலை வகுப்புகளில் அது பெண்களுக்கு மட்டும் கட்டாயமாக இருந்தது. அண்டையிலுள்ள கேரளத்தில் 2024இல் வெளிவந்த மூன்றாம் வகுப்புப் பாடநூலில் தந்தை அமர்ந்து தேங்காய் துருவும் படம் இடம் பெற்றுப் பேசுபொருளாயிற்று. ஒரு தேங்காய்க்கு இத்தனை பேச்சா என்று சிரிக்கத் தோன்றுகின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்தில் இருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி நம்மவர் அறியாததன்று. அறிந்தும் நம் வீட்டு ஆண்பிள்ளைகள் உண்ட தட்டைக் கூடக் கழுவுவதில்லை என்பதும் நாம் அறியாததன்று.

மீண்டும் பாப்பாரப்பட்டிக்கு வருவோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தின் கடைசி மாவட்டமாக நின்றது தர்மபுரி, 68.5 விழுக்காட்டினரே எழுத்தறிந்தோர். இத்தகைய மண்ணில் பெண்ணின் கல்வியிலிருந்து ஒரு மணியைத் திருடி அடுக்களைக்குக் கொடுப்பதை நாம் ஒருகாலும் ஏற்கமாட்டோம். நாம் வேண்டுவது அதுவன்று. ஏற்கெனவே உள்ள அறிவியல் வகுப்பிலேயே, ஆணும் பெண்ணும் சேர்ந்து அமர்ந்து, தம் வீட்டுக் குடத்தையும் கூழ்ப்பானையையும் ஆராயட்டும் என்பதே.

ஆராய்வதற்குப் பொருளா இல்லை? கேழ்வரகு இச்சீமையின் பழைய உணவு. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் மேலாகச் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது ஏறத்தாழ 10 மில்லிகிராம்தான். களியும் கூழும் உண்டு வளர்ந்த தலைமுறை, அரிசிச் சோற்றுக்கு மாறியபோது அதனை முன்னேற்றம் என்றே எண்ணியது. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, உலர்த்தி வறுத்து அரைக்கும் வழக்கம் பாட்டிமார் அறிந்ததே. முளைவிடும்போது தானியத்திலுள்ள பைட்டிக் அமிலம் குறைவதால் இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்கின்றது என்னும் காரணத்தை மட்டும் அவர்கள் அறியார். தண்ணீரின் செய்தியில் வீடு அறியாததைப் பள்ளி சொல்ல வேண்டியிருந்தது. கேழ்வரகின் செய்தியிலோ வீடு அறிந்திருந்ததைப் பள்ளி மறக்கச் செய்துவிட்டது. தமிழகப் பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது 53.4 விழுக்காட்டினர், குருதிச் சோகை உடையோர் என்று 2019-21இன் தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகின்ற நாட்டில், இது சிறிய மறதி ஆகாது.

2023ஆம் ஆண்டில் நீலகிரியிலும் தர்மபுரியிலும் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்கு மாற்றாகக் குடும்பத்திற்கு இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. பழைய தானியம் அரசாங்க மூட்டையில் ஊர் திரும்பியிருக்கின்றது. அதனைக் கிண்டத் தெரிந்த கைகள் முதுமை எய்திவிட்டன. ஃப்ளோரைடின் அளவை நிறமாற்றத்தால் காட்டும் எளிய சோதனைப் பெட்டிகளும் இன்று கிடைக்கின்றன. எட்டாம் வகுப்பு மாணவனும் மாணவியும் ஒரு பாட வேளையில் ஐந்தாறு வீட்டு நீரைச் சோதித்துவிடலாம். கேழ்வரகு முளைகட்ட இரண்டு இரவுகள் போதும். வெள்ளிக்கிழமை பிற்பகல் ஊறப்போட்டால், திங்கட்கிழமை காலை வகுப்பறை மேசைமீது துணியை அவிழ்த்துப் பார்க்கலாம்.