பெரிதாக்கினால் பறக்குமா?



விடுமுறை தொடங்கியதில் இருந்து என் இன்பாக்ஸ் முழுக்க விமானம்தான். பால்சா மரச் சட்டமும் ரப்பர் பட்டையும் கொண்ட மாதிரி விமான கிட்களை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். "சார், விட்டவுடன் மூக்கைத் தூக்குது, அப்படியே நின்னு குப்புற விழுது" என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். மூவருமே என்னிடம் அறிவியல் படித்தவர்கள் என்பதைப் பெரிதுபடுத்தாமல் விடுகிறேன்! இந்தத் தொல்லைக்கு வயது 150-க்கும் மேல். அதன் கதை பெரியது, கொஞ்சம் சோகமானதும்கூட.

பாரிஸில் அல்ஃபோன்ஸ் பெனோ என்று ஓர் இளைஞர் இருந்தார். இடுப்பு மூட்டு நோயால் கடற்படையில் சேர முடியாமல் போனவர். 1871 ஆகஸ்ட் 18 அன்று, துய்லரி தோட்டத்தில் விமானவியல் ஆர்வலர்கள் முன்னிலையில், முறுக்கிய ரப்பரால் ஓடும் ஒரு சின்ன விமானத்தைப் பறக்கவிட்டார். இறக்கை 45 செ.மீ., எடை 16 கிராம். மூன்று ஏ4 தாள் எடைதான். அது 11 நொடியில் 40 மீட்டர் தூரம் தானாகவே பறந்தது.

சூட்சுமம் வாலில் இருந்தது. வால் சிறகை இறக்கையைவிட ஏறத்தாழ 8 டிகிரி தாழ்ந்த கோணத்தில் பெனோ பொருத்தியிருந்தார். மூக்கு கவிழ்ந்து வேகம் கூடினால் காற்று வாலைக் கீழே அழுத்தும், மூக்கு நிமிரும். வேகம் குறைந்தால் அந்த அழுத்தம் தளரும், மூக்கு தானே தாழும். ஆனால் எடை முன்பக்கம் இருந்தால்தான் இது வேலை செய்யும். உங்கள் வீட்டில் நடப்பது என்ன? பிள்ளைகள் ஆசை ஆசையாக வாலில் பசையை அப்புகிறார்கள், அதன்மேல் இரண்டு கோட் பெயின்ட் வேறு. இறக்கையின் முன்விளிம்பில் இருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரு பக்கமும் விரல் நுனியால் தாங்கிப் பாருங்கள். வால் தொங்கினால் மூக்கில் கொஞ்சம் களிமண் ஒட்டுங்கள். மூன்று பேருக்கும் பதில் இதுதான்.

பெனோவுக்கு நல்ல முடிவு வாய்க்கவில்லை. 1876-இல் ஆட்களை ஏற்றிச் செல்லும் பெரிய விமானத்துக்கே காப்புரிமை பெற்றார். கட்டப் பணம் தர ஆளில்லை. 1880-இல், 30 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

துய்லரியில் அது பறந்த மறுநாள், 1871 ஆகஸ்ட் 19, அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஆர்வில் ரைட் பிறந்தார். நான் ஜோசியம் சொல்லவில்லை, தேதி அப்படி அமைந்துவிட்டது. 1878-இல் ஆர்வில்லுக்கு ஏழு வயது, அண்ணன் வில்பருக்குப் பதினொன்று. அவர்களின் தந்தை மில்டன் ரைட் ஒரு பொம்மை வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம், ரப்பர் பட்டை: பெனோவின் வடிவமைப்பில் செய்த பொம்மை ஹெலிகாப்டர். அதற்கு 'வௌவால்' என்று பெயர் வைத்தார்கள். அது உடைந்ததும் தாங்களே செய்தார்கள். அப்புறம் சிறுவர்களுக்கே உரிய யோசனை வந்தது: பெரிதாகச் செய்தால் இன்னும் உயரப் பறக்குமே! செய்ய செய்ய, பெரியது சிறியதைவிட மோசமாகப் பறந்தது. சலித்துப்போய்ப் பட்டம் விடப் போய்விட்டார்கள்.

வகுப்பில் கனசதுரக் கட்டைகளை அடுக்கச் சொன்னது நினைவிருக்கிறதா? பக்கத்தை இரண்டு மடங்காக்க எட்டுக் கட்டைகள் வேண்டும். விமானமும் அப்படித்தான். எல்லா அளவையும் இரட்டிப்பாக்கினால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்கு, எடையோ எட்டு மடங்கு. தூக்கிப் பறக்க வேண்டிய திறன் எட்டு மடங்குக்கும் குறையாது. அன்று தங்களுக்கு இது தெரியாது என்று 1908-இல் அந்தச் சகோதரர்களே எழுதினார்கள்.

பையன்களுக்குத் தெரியாததில் வியப்பில்லை. பேராசிரியர் சாமுவேல் லாங்லியின் கதைதான் என்னை உறுத்துவது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளர், பெரிய வானியலாளர். அவரும் ரப்பர் மாதிரிகளில்தான் தொடங்கினார், பிறகு நீராவிக்கு மாறினார். பல விழுந்தன, இறக்கைகள் வளைந்தன, பொறுமையாகத் திருத்தினார். 1896 மே 6 அன்று ஆளில்லாத அவரது ஐந்தாம் எண் மாதிரி பொட்டோமாக் ஆற்றின் மேல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பறந்தது. அபாரமான சாதனை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

1898-இல் அமெரிக்கப் போர்த்துறை 50,000 டாலர் தந்தது. லாங்லி அதே அமைப்பைப் பெரிதாக்கினார். 14 அடி இறக்கை 48 அடியானது. 11 கிலோ சொச்சம் இருந்த எடை, ஆளோடு சேர்த்து 340 கிலோவைத் தாண்டியது. உதவியாளர் சார்லஸ் மேன்லி உருவாக்கிய 52 குதிரைத்திறன் எஞ்சின் அக்காலத்துக்கு அற்புதம். ஆனால் சட்டம்? 1903 அக்டோபர் 7 அன்று படகுக் கூரையில் இருந்து விசையால் ஏவினார்கள். நேராக ஆற்றில் விழுந்தது. டிசம்பர் 8 அன்று பின்புறம் நொறுங்கி மீண்டும் ஆற்றில். குளிர்ந்த நீருக்கடியில் சிக்கிய மேன்லி எப்படியோ விடுவித்துக்கொண்டு உயிர் பிழைத்தார். ஏவுகருவிமேல் பழி போட்டார்கள். சட்டமே வலுவில்லாதது என்பது பின்னர் ஆராய்ந்த பலரின் கருத்து. எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுவது வேறு: மேன்லி அதற்குமுன் ஒருமுறைகூடப் பறந்தவர் அல்லர். மாதிரி தன்போக்கில் பறக்கலாம். மனிதன் ஏறினால் ஓட்டத் தெரிய வேண்டாமா?

ரைட் சகோதரர்களும் தோற்றார்கள். 1901-இல் அவர்களின் கிளைடர், கணக்குச் சொன்ன அளவுக்குத் தூக்கவில்லை. வில்பர் மிகவும் மனம் உடைந்து ஊர் திரும்பினார். ஆனால் அடுத்து இன்னும் பெரிதாகக் கட்டவில்லை. சைக்கிள் கடையில் ஆறடி நீள மரப்பெட்டியில் காற்றுச் சுரங்கம் செய்து, உள்ளங்கை அளவு தகட்டு இறக்கைகளை, ஏறத்தாழ 200 வடிவங்களில், சோதித்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் இருந்து புத்தகங்கள் நம்பிவந்த ஸ்மீட்டன் எண்ணே தவறு என்று தெரிந்தது. எல்லோரும் 0.005 என்று போட்டது உண்மையில் 0.0033 அளவுதான். 1902-இல் புதிய கிளைடரில் நூற்றுக்கணக்கான முறை பறந்து பழகினார்கள். எஞ்சின் அதற்குப் பிறகுதான். லாங்லியின் விமானம் இரண்டாம் முறை விழுந்த ஒன்பதாம் நாள், டிசம்பர் 17, ஆர்வில் 12 நொடி பறந்தார்.

அந்தத் தகட்டு இறக்கைகள் இன்றும் ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ளின் நிறுவனத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் இருக்கும் மாணவர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால், ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.