தாத்தாவின் ஒரு ஏக்கர்

தாத்தாவின் பட்டாவை முதன்முதலில் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. ஒரு ஏக்கர் என்று சொல்லிச் சொல்லிக் கேட்ட நிலம், தாளில் 0 - 40.50 என்றிருந்தது. "பாதிகூட இல்லையே தாத்தா?" என்றேன். சிரித்தார். "அது ஹெக்டேர் கணக்குடா. சர்க்காருக்குத்தான் ஹெக்டேர். நமக்கு எப்பவும் ஏக்கர்தான்."

அந்த 'நமக்கு' என்னை விடவில்லை. ஏக்கர் நம்முடையதா? வெள்ளைக்காரன் வரி போட நிலத்தை அளந்தபோது கூடவே வந்தது அது. அதற்கு முன்பே இங்கே குழி, மா, காணி, வேலி எல்லாம் இருந்தன. ஒரு காணி, 1.32 ஏக்கர்.

1956இல் எடை, அளவுகளுக்கான சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1இல் 16 அணா ரூபாய் 100 நயா பைசா ஆனது. 1958 அக்டோபர் முதல் கிலோ படிப்படியாகக் கடைகளுக்குள் நுழைந்தது. சேரும் பலமும் வெளியேறின. நிலமும் தங்கமும் மட்டும் மசியவில்லை.

மசியவில்லை என்பதும் பாதி உண்மைதான். இங்கிலாந்தில் ஒரு ஏக்கர் என்பது 160 பெர்ச். இங்கே அதுவே 100 சென்ட். பிரிட்டிஷ் சாவரின் நாணயம் 7.988 கிராம், நம் பவுன் முழுசாக 8 கிராம். பெயர் அவர்களுடையது, கணக்கு மெட்ரிக்குடையது, பிடிவாதம் மட்டும் நம்முடையது.

ஒரு ஏர், 2.47 சென்ட். இந்தப் பெருக்கல் தெரியாதவர் தன் சொந்த நிலத்தின் அளவையே இன்னொருவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது. படித்த எனக்குத்தான் தெரியவில்லை.