கண்ணாடியை ஆற வைத்த கைகள்

சில மாதங்களுக்கு முன் ஒரு காலைப்பொழுது. தெமட்டகொடையில் நான் குடியிருக்கும் ஒழுங்கையால் நடந்து பேஸ்லைன் வீதிக்கு ஏறியபோது, முதல் நாளிரவு நடந்த வாகன விபத்தொன்றின் மிச்சமாகத் தெருவோரமெங்கும் கண்ணாடித் துண்டுகள் சிதறிக் கிடந்தன. கற்கண்டைக் கொட்டிவிட்டாற்போல அவை வெயிலில் மினுங்கின. அயலில் வசிக்கும் என் மாணவன் ஒருவன் அவற்றில் ஒரு பிடியை அள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "சேர், போன கிழமை வீட்டில கிளாஸ் ஒன்று உடைஞ்சு அம்மாட கையில மூன்று தையல். இது மட்டும் ஏன் வெட்டுதில்லை?" என்று கேட்டான்.

இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிப்பவனிடம் கேட்க வேண்டிய கேள்வியன்று இது. பௌதிகவியல் ஆசிரியரைக் கேள் என்று நான் தட்டிக் கழித்திருக்கலாம். ஆனால் அக்கேள்வி என்னை முப்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு விளக்கின் முன் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

1994ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் மருந்தைப்போல் அளந்து பாவிக்கப்பட்டது. ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் விட்டுத் திரி ஏற்றிப் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் அம்மம்மாவின் சொத்தாகச் சிமினி விளக்கு ஒன்றும் இருந்தது. பரீட்சைக்குச் சில நாட்களே இருந்த ஓர் இரவில், கரி படிந்த அதன் சிமினியைச் சூட்டோடு சூடாக ஈரத் துணியால் துடைத்தேன். 'டிக்' என்றோர் ஓசை. மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அம்மம்மா ஏசவில்லை. "சூட்டோட தொடக்கூடாது மோனை, ஆற விடவேணும்" என்று மட்டும் சொன்னா. வேறு சிமினி வாங்கக் கடையில் கிடைக்கவில்லை. அந்தப் பரீட்சையை ஜாம் போத்தல் வெளிச்சத்திலேயே படித்து எழுதினேன்.

அம்மம்மாவின் அந்த ஒரு வசனத்துக்குள் கண்ணாடியின் வரலாறே அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னர்தான் அறிந்துகொண்டேன்.

கண்ணாடி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். சூடான சிமினியில் ஈரம் பட்ட இடம் உடனே குளிர்ந்து சுருங்க முயல்கிறது. சுற்றியுள்ள பகுதியோ இன்னும் சூடாக விரிந்தபடி நின்று அதனைச் சுருங்க விடாது இழுத்துப் பிடிக்கிறது. கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஏனெனில் அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் உண்டு. இழுவிசை அக்கீறல்களை வாய் திறக்கச் செய்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஏ. ஏ. கிரிபித் என்ற பொறியியலாளர் 1921இல் வெளிவந்த தமது ஆய்வில் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார்.

ஆனால் கணக்குப் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கைகள் இதனை அறிந்திருந்தன. உலையிலிருந்து எடுத்த பாத்திரத்தை அப்படியே காற்றில் வைத்தால், வெளிப்புறம் முதலில் இறுக, உட்புறம் பிந்திச் சுருங்கும். அந்த முரண் உள்ளேயே தங்கி, சில நாட்களின் பின்னர்கூடப் பாத்திரத்தை வெடிக்கச் செய்யும். ஆகவே பழைய கண்ணாடித் தொழிலாளர் பாத்திரத்தை இன்னொரு சூளையில் வைத்து மெல்ல மெல்ல ஆற விட்டனர். இன்றைய சாதாரண கண்ணாடிக்கு அந்தச் சூளையின் வெப்பநிலை ஏறக்குறைய 550 பாகை செல்சியஸ் ஆகும். அங்கிருந்து படிப்படியாக இறக்குதல் வேண்டும். ஆக்குவதில் பாதி, ஆற்றுவதில் இருக்கிறது.

இந்த வரலாற்றில் நமக்கும் ஒரு பங்குண்டு. புதுச்சேரிக்கு அருகே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945இல் மோட்டிமர் வீலர் அகழ்ந்தபோது உரோம நாட்டு மட்பாண்டங்கள் வெளிப்பட்டன. அவற்றோடு சேர்த்துப் பேசப்பட வேண்டியவை அங்கு கிடைத்த கண்ணாடி மணிகள். இங்கு நமது மன்னார்ப் பெருநிலத்தில், திருக்கேதீச்சரத்தை அண்டிய மாந்தைத் துறைமுகத்தில் 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடந்த அகழ்வுகளிலும் இத்தகைய மணிகள் கிடைத்தன. யுத்தம் காரணமாக இடையில் நின்றுபோன அவ்வாய்வின் அறிக்கை 2013இலேதான் நூலாக வந்தது.

இம்மணிகள் செய்யப்பட்ட விதம் வியப்புக்குரியது. உருகிய கண்ணாடியை மெல்லிய நீண்ட குழாயாக இழுத்து, அதனைச் சிறு துண்டுகளாக வெட்டி, சாம்பலோடு கலந்து மீண்டும் சூடாக்கி விளிம்புகளை மழுங்கச் செய்தனர். ஆந்திராவிலுள்ள பாப்பாநாயுடுபேட்டைக் கிராமத்தில் இத்தொழில்முறை இருபதாம் நூற்றாண்டு வரை தப்பிப் பிழைத்ததனாலேயே நாம் இதனை அறிகிறோம். மணி சிறியது. ஆதலால் அதன் உள்ளும் புறமும் ஏறத்தாழ ஒன்றாகவே ஆறிவிடும். உள்ளே முரண் தங்க இடமில்லை. இந்து சமுத்திரத்தின் கரைகளெங்கும் பரவிய இந்த மணி வகை, ஈராயிரம் ஆண்டுகளின் பின்னும் மண்ணிலிருந்து உடையாமல் வெளிவருவதற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம். அவற்றை இழுத்தெடுத்தவர்களில் ஒருவரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

மெல்ல ஆறினால் உறுதி என்பது பழைய பாடம். இதற்கு நேர்மாறான பாடமொன்றை ஐரோப்பா பதினேழாம் நூற்றாண்டில் கண்டு திகைத்தது. உருகிய கண்ணாடித் துளியைக் குளிர்ந்த நீரில் விட்டால் அது வாலுடைய கண்ணீர்த்துளி போல் உறையும். அதன் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலைச் சற்று முறித்தாலோ முழுவதும் பொடியாகிவிடும். ரூபேர்ட் இளவரசர் 1660இல் இதனை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ள்ஸிடம் கொண்டுவந்தார். றோயல் சங்கத்தினர் அடுத்த ஆண்டிலேயே ஆராயத் தொடங்கினர். றொபேட் ஹூக் 1665இல் தமது நூலில் இதைப்பற்றி எழுதினார். இத்துளிக்கு 'ஒல்லாந்தர் கண்ணீர்' என்றும் ஒரு பெயருண்டு. அதே ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியவர்கள் என்பதை நாம் அறிவோம்.

துளியின் புறம் சட்டென இறுகிவிடுகிறது. அகம் பின்னர் ஆறும்போது புறத்தை உள்நோக்கி இழுக்கிறது. எனவே புறம் முழுவதும் அமுக்கத்தில் நிற்கிறது. கீறல்கள் வாய் திறக்க இயலாது. அதற்கு விலையாக அகம் இழுவையிலேயே காலம் கழிக்கிறது. வால் வழியே அந்த அகத்தைத் தொட்டுவிட்டால் கதை முடிந்தது. சந்திரசேகர், சௌத்ரி என்ற இரு விஞ்ஞானிகள் 1994இல் அதிவேகப் படப்பிடிப்பின் உதவியோடு, அவ்வெடிப்பு செக்கனுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதைக் காட்டினர். நான் சிமினியை உடைத்த அதே ஆண்டு!

வேடிக்கைப் பொருளாயிருந்ததைத் தொழிலாக்க முயன்றவர் பிரெஞ்சுக்காரரான த லா பஸ்தி. சூடான கண்ணாடியை எண்ணெயில் தோய்க்கும் முறைக்கு அவர் 1874இல் உரிமை பெற்றார். இப்போது தகட்டுக் கண்ணாடியை 600 பாகைக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் குளிர்காற்றை வீசி ஆற்றுகிறார்கள். அது சாதாரண கண்ணாடியிலும் நான்கைந்து மடங்கு உறுதியானது. உடைந்தால் ஈட்டிபோல் கூரிய சில்லுகளாகாமல் மழுங்கிய சிறு கட்டிகளாக உதிரும். என் மாணவனின் உள்ளங்கையில் கிடந்தவை அவைதாம்.

வேறொரு வழியும் உண்டு. சூட்டில் அதிகம் விரியாத கண்ணாடியையே ஆக்கிவிடுவது. ஜேர்மனியின் ஜேனா நகரில் ஒட்டோ ஷொட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போரன் சேர்த்து அதனைச் சாதித்தார். அமெரிக்காவில் புகையிரத விளக்குகளின் சூடான கண்ணாடி மழைத்துளி பட்டு வெடித்ததற்குப் பரிகாரம் தேடிய கோர்னிங் கம்பனியின் முயற்சியே 1915இல் சமையலறைக்குரிய பைரெக்ஸ் பாத்திரமாக வந்தது. இரவில் புகையிரதம் கூவும் தெமட்டகொடையில் இருந்துகொண்டு இதனை வாசித்தபோது, அம்மம்மாவின் சிமினியும் அந்த விளக்குகளும் ஒரே நோயால் இறந்தவை என்று எண்ணிக்கொண்டேன்.

கண்ணாடி உடையாதிருப்பது மட்டுமன்று, எப்படி உடைகிறது என்பதும் உயிர்ப் பிரச்சினையே. 1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பில் மத்திய வங்கி குண்டுவெடிப்பின்போது, பறந்த கண்ணாடிச் சில்லுகளால் கண்பார்வை இழந்தவர்கள் பலர். யன்னலருகே நின்றதைத் தவிர அவர்கள் வேறெதுவும் செய்யவில்லை. அந்நாளை நினைப்பவர்களுக்கு ஆறிய விதம் பற்றிய இப்பேச்சு வெறும் பௌதிகவியலன்று.

தமிழில் 'ஆறு' என்ற வினை வியப்பானது. தேநீரும் ஆறும், புண்ணும் ஆறும், மனமும் ஆறும். பிறர் துயரைத் தணிப்பதை ஆற்றுதல் என்போம். வலிமையை ஆற்றல் என்போம். சட்டெனக் குளிர்ந்து, உள்ளே இழுவையைச் சுமந்து, வெளியே உறுதியாய் நிற்பதும் ஓர் ஆற்றல்தான். எங்கள் தலைமுறையில் பலர் அவ்வாறு உறுதியானவர்கள். ஆனால் அவர்களுக்கு எங்கோ ஒரு வால் இருக்கிறது.

மாணவனுக்கு இவ்வளவையும் நான் சொல்லவில்லை. துண்டுகளைக் கொட்டிவிட்டுக் கையைக் கழுவச் சொன்னேன். பின்னர், இவை ஆறிய விதம் வேறு, உன் அம்மாவின் கையை வெட்டிய கிளாஸ் ஆறிய விதம் வேறு என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்ப எது சேர் நல்லது?" என்றான். அம்மம்மா இருந்திருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பா.