ஓடும் நீரைக் கணக்கில் பிடித்த கதை



கிந்தா பள்ளத்தாக்கில் தண்ணீரும் மண்ணும் கலந்து ஓடும் விதத்தை நன்கு அறிந்திருந்தவர்கள் ஈயச் சுரங்கத்துத் தொழிலாளிகள். பீறிட்டு வரும் நீரால் கரையை அரித்து, அந்தச் சேற்று நீரைப் பம்பு வைத்து மேலே ஏற்றி, பாலோங் என்னும் நீண்ட சரிவான மரத்தொட்டியில் விடுவார்கள். மணல் ஓடிவிடும், ஈயத்தாது குறுக்குச் சட்டங்களின் பின்னே தங்கும். மணல் தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். தாதுவோ ஏழு மடங்கு. ஆனால் சேறு அளவுக்கு மீறித் தடித்துவிட்டால் தாதுவும் சரியாகத் தங்காது. எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தார்கள். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

இப்படிக் கண்ணால் கண்டதைக் கணக்காக எழுத முடியுமா? பிரான்சு நாட்டு நவியே 1822-லும், பிரிட்டனில் ஸ்டோக்ஸ் 1845-லும் நீரோட்டத்துக்கான சமன்பாடுகளை எழுதிவிட்டார்கள். ஆற்றுநீருக்கும் காற்றுக்கும் அவை பொருந்தும். எழுதியாயிற்று, விடை காண்பதுதான் முடியவில்லை. முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், ஆறு மணி நேர வானிலையைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்த்தார். வாரக்கணக்கில் உழைத்தும் விடை தவறாகவே வந்தது. அதை மறைக்காமல் 1922-இல் புத்தகமாக வெளியிட்டார். 64,000 பேர் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் வானிலையோடு கூடவே ஓடலாம் என்றும் அதில் எழுதினார். கம்ப்யூட்டர் என்ற சொல் அந்தக் காலத்தில் கணக்குப் போடும் ஆளைக் குறித்தது! 1950-இல் அமெரிக்காவில் எனியாக் என்ற இயந்திரம் அந்த வேலையை ஏற்றது. 24 மணி நேர வானிலையைக் கணக்கிட அதற்கும் ஏறக்குறைய 24 மணி நேரம் பிடித்தது.

காற்று மட்டும் என்றால் இவ்வளவே. தண்ணீரும் காற்றும் சந்திக்கும் இடம் இன்னும் சிரமமானது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு கனம். அலை மடிந்து விழும்போது இரண்டும் எங்கே பிரிகின்றன என்று சொல்ல வேண்டும். 1965-இல் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஹார்லோ, வெல்ச் என்ற இருவர் ஒரு வழி கண்டார்கள். வாய்க்காலில் இலையைப் போட்டு ஓட்டம் பார்க்கும் பிள்ளைகளைப் போல, கணக்குக்குள் அடையாளத் துகள்களைப் போட்டு, அவை போகும் இடமெல்லாம் தண்ணீர் என்று கொண்டார்கள். 1977-இல் நட்சத்திரங்களை ஆராய்ந்தவர்கள், முழுப் பொருளையுமே துகள்களாகப் பிரித்துக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். அவர்களுள் ஒருவரான மானகன், 1994-இல் அதைக் கொண்டு அணை உடைந்து பாயும் நீரைக் கணக்கிட்டுக் காட்டினார். சினிமாவில் கப்பல் மூழ்குவதையும் கடல் பொங்குவதையும் இன்று இத்தகைய கணக்குகளைக் கொண்டே காட்டுகிறார்கள். அங்கே பார்வைக்கு உண்மைபோல் இருந்தால் போதும். ஆற்றோரத்தில் வீடு கட்டியிருப்பவனுக்கு அது போதுமா?

1996 ஆகஸ்டு 29 அன்று மாலை, கம்பார் அருகே போஸ் டிப்பாங் என்ற பூர்வகுடி மக்களின் குடியிருப்பில் நடந்ததைப் பேராக் மாநிலத்தில் மறந்தவர் குறைவு. கனத்த மழையில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் மரக்கட்டைகளும் ஆற்றுநீரோடு சேர்ந்து இறங்கின. 44 உயிர்கள் போயின.

இங்கேதான் பாலோங் நினைவுக்கு வர வேண்டும். நூறு கிலோ பாறை தெளிந்த நீரில் மூழ்கினால் சுமார் 60 கிலோ கனமே காட்டும். மண் கலந்து, தண்ணீரைப்போல் இரண்டு மடங்கு கனமாகிவிட்ட சேற்றிலோ, சுமார் 25 கிலோதான். எனவே சாதாரண வெள்ளம் உருட்ட முடியாத பாறையைச் சேற்று வெள்ளம் தூக்கி வருகிறது. தண்ணீரை மட்டும் கணக்கிட்டால் ஆபத்தைக் குறைத்தே மதிப்பிடுவோம். மண், மரம், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும்போதுதான் எந்த வீடு அந்தப் பாதையில் நிற்கிறது என்று முன்கூட்டிச் சொல்ல வழி பிறக்கிறது. நம் நாட்டில் 1995-இல் தொடங்கப்பட்ட தேசிய நீரியல் ஆய்வு நிலையம் நீரோட்டத்தைக் கணிப்பொறியிலும் சிறு மாதிரி அமைப்புகளிலும் ஆராய்கிறது.

ஆனால் எவ்வளவு பெரிய கணிப்பொறியானாலும் மலையின் சரிவையும் பெய்த மழையின் அளவையும் யாராவது அளந்து தந்தாக வேண்டும். மழைக்கணக்கு நமக்குப் புதிதன்று. மழை பெய்தால் பால்வெட்டு நின்றுவிடும் என்பதால், தோட்டத்து ஆபீசில் மழைமானி வைத்து, காலையில் கிராணி அளவு பார்த்துப் புத்தகத்தில் எழுதிவந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிய பிறகு, அந்தப் புத்தகங்களைத் தேடுவார் இல்லை. பழைய கிராணி வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால் கடலை மடிக்கக் கிழித்துவிடாதீர்கள். மாவட்ட வடிகால் நீர்ப்பாசன இலாகாவில் காட்டிக் கேளுங்கள். தேதியும் தோட்டத்தின் பெயரும் உள்ள பக்கங்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.