கண்ணாடியில் படிந்த பனியும் ஒரு வாத்தியாரின் வெட்கமும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

போன ஐப்பசியில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குக் குடும்பத்தோடு போனோம். மகன் ஓட்டினான். நல்ல மழை. வழியில் இறங்கி நனைந்துவிட்டு ஐந்து பேரும் ஈரத் துணியோடு ஏறிக்கொண்டோம். நாலு வளைவு தாண்டுவதற்குள் முன்கண்ணாடி பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. நான் துண்டால் துடைக்கத் துடைக்க மறுபடி மூடியது. ஒரு வளைவில் எதிரே வந்த பேருந்தின் ஹாரன்தான் கேட்டது, பேருந்து தெரியவில்லை. எப்படியோ ஒதுங்கி ஒரு டீக்கடை முன் நிறுத்தினோம்.

அங்கே நின்ற லாரி டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, அந்த வட்ட அம்புக்குறி பட்டனை அணைச்சுடுங்க. வெளிக்காத்து உள்ள வரட்டும். ஏசியைப் போட்டு, காத்தைக் கண்ணாடிக்குத் திருப்பி விடுங்க." இரண்டு நிமிடத்தில் கண்ணாடி தெளிந்தது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஐஸ் தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்து, வெளியே அரும்பும் நீர்த்துளியைக் காட்டி, ஆண்டுதோறும் பாடம் நடத்தியவன் நான். அதே டம்ளருக்கு உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றவில்லையே! வீட்டுக்கு வந்ததும் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

பனித்துளி வானத்திலிருந்து விழுகிறது என்றுதான் பலரும் வெகுகாலம் நம்பினார்கள். லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ், கம்பளிப் பஞ்சை எடை போட்டு இரவில் வெளியே வைத்து, பிறகு மறுபடி எடை போட்டுப் பார்த்தார். குளிர்ந்த பொருளின் மேல் காற்றிலுள்ள நீராவிதான் நீராகப் படிகிறது என்று 1814இல் விளக்கினார். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம்தான். மீதி எங்கே போகும்? குளிர்ந்த கண்ணாடியில் உட்காரும்.

அடுத்தவர் வில்லிஸ் கேரியர். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை. 25 வயது பொறியாளரான அவர், காற்றைக் குளிர்ந்த குழாய்ச் சுருள்கள் வழியே செலுத்தி அதிலுள்ள நீரைப் பிரித்தெடுத்தார். ஆக, ஏசி பிறந்தது ஆளைக் குளிர்விக்க அல்ல, காற்றை உலர்த்த! மழைக்காலத்தில் "குளிருதே, ஏசி எதற்கு?" என்று கேட்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

காருக்கு வருவோம். அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938ஆம் ஆண்டு மாடலில், வெளிக்காற்றை இழுத்து எஞ்சின் சூட்டில் வெதுவெதுப்பாக்கி உள்ளே அனுப்பும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பேக்கார்டு 1940 மாடலில் ஏசி வைத்தது. ஆனால் அந்தக் கருவி பின்பக்க டிக்கியில் இடத்தை அடைத்துக்கொண்டது. அதை முழுக்க நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை அணைத்துவிட்டு பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! 1954இல் நாஷ் தன் அம்பாசடர் காரில் (நம்ம ஊர் அம்பாசடர் வேறு) சூடாக்குவதையும் குளிர்விப்பதையும் ஒரே அமைப்பாக முன்பக்கம் சேர்த்தது. இன்று நம் டேஷ்போர்டில் இருப்பது அந்த வழியில் வந்ததுதான். முன்கண்ணாடிப் பனியை நீக்கும் வசதி ஒவ்வொரு காரிலும் இருந்தே தீர வேண்டும் என்ற அமெரிக்க விதி 1968இல் அமலுக்கு வந்தது. வசதிக்காக அல்ல, உயிருக்காக.

இனி நடைமுறை. உள்ளே பனி படிந்தால் வட்ட அம்புக்குறியை அணையுங்கள். அது இருந்தால் நம் மூச்சின் ஈரமே சுற்றிச் சுற்றி வரும். ஏசியைப் போடுங்கள். காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி விசிறியைக் கூட்டுங்கள். முடிந்தால் சூட்டையும் கூட்டுங்கள்: ஏசி காற்றை உலர்த்தும், சூடு கண்ணாடியை வெதுவெதுப்பாக்கும்.

நம் கடலோர ஊர்களில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஏசிக் குளிர் நேராகக் கண்ணாடியில் பட்டால் வெளிப்பக்கம் பனி படியும். அப்போது வைப்பரைப் போட்டு, குளிர்க்காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிட்டால் போதும். எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா? விரலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். ஆனால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு.

அந்த லாரி டிரைவரின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். அன்று பாடம் நடத்தியவர் அவர், மாணவன் நான். மழை தொடங்குமுன் உங்கள் வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளைகளை ஒருமுறை அந்தப் பட்டன்களைத் தொட்டுப் பழகச் சொல்லுங்கள்.