பொருத்துமிடம்: காஞ்சிபுரத்தை முன்வைத்து அமைப்பு பற்றிய ஒரு விவாதம்

அமைப்பு என்னும் கருத்தாக்கம் கணிதத்துக்கும் உயிரியலுக்கும் மானிடவியலுக்கும் பொதுவானது. 1968இல் உளவியலாளர் ஜான் பியாஜே அதற்கு மூன்று இலக்கணங்கள் வகுத்தார்: முழுமை, உருமாற்றம், தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் ஆற்றல். முதல் இரண்டில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. மூன்றாவதை மனிதர் ஆக்கிய அமைப்புகளுக்கு அப்படியே நீட்டுவதைத்தான் இக்கட்டுரை மறுக்கிறது. அவை நிற்பதும் குலைவதும் உறுப்புகள் ஒன்றையொன்று சந்திக்கும் பொருத்துமிடத்தில். அந்த இடத்தில் யாரோ ஒருவர் இருந்து வேலை செய்தாக வேண்டும்.

இயற்கையில் அப்படி ஒருவர் தேவையில்லை என்பதற்குப் பட்டு இழையே சான்று. அதன் ஃபைப்ராயின் புரதத்தில் கிளைசின், அலனின், செரின் ஆகிய அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வந்து, தகடு தகடாக அடுக்கப்பட்டுப் படிகங்களாகின்றன. மார்ஷ், கோரி, பாலிங் மூவரும் 1955இல் இதன் அமைப்பை விளக்கினர். படிகங்களுக்கு இடையே ஒழுங்கற்ற பகுதிகள் உண்டு. படிகம் வலிமை தருகிறது. ஒழுங்கற்ற பகுதி நெகிழ்வு தருகிறது. புழு நூலை இழுத்து விடும்போதே இவ்வளவும் நடந்துவிடுகிறது. பியாஜேயின் மூன்றாம் இலக்கணம் இங்கே பழுதின்றிப் பொருந்துகிறது.

கல்லுக்கு வந்தால் நிலைமை வேறு. செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் குடைவரைக் கோயிலின் கல்வெட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பெருமை கொள்கிறான். அந்தக் குடைவரையின் தூண் பாறையோடு பாறையாக இருப்பது. தூணுக்கும் கூரைக்கும் நடுவே பொருத்தே இல்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காஞ்சியில் எழுப்பிய கைலாசநாதர் கோயிலில் கல்மேல் கல் அமர்கிறது: அடியில் கருங்கல், மேலே உளிக்கு இணங்கும் மணற்கல். பாரம் ஒவ்வொரு பொருத்தையும் கடந்துதான் தரைக்கு இறங்க வேண்டும். தோற்றத்தைப் பார்த்தால் பின்னது முன்னதன் தொடர்ச்சி. பாரம் செல்லும் வழியைப் பார்த்தால் இரண்டும் வேறு இனம்.

வாதத்தின் மையம் காஞ்சிப் பட்டுப் புடவையின் தறியில் இருக்கிறது. குழித்தறியில் இருபுறமும் கோர்வை போட்டு, அதாவது உடலையும் கரையையும் தனித்தனி ஊடையால் நெய்து எல்லையில் பிணைத்து, நெய்ய மூன்று நாடாக்கள் வேண்டும்: உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு ஒவ்வொன்று. நெசவாளர் மிதியை அழுத்தப் பாவு பிரிகிறது. உடலின் ஊடை ஓடிவந்து கரையின் எல்லையில் நிற்கிறது. எதிரிலிருந்து வரும் கரையின் ஊடை அதைப் பற்றிக்கொண்டு திரும்புகிறது. பிறகு பலகை அடி. அடுத்த ஊடைக்கும் இதே வேலை. புடவை முடியும்வரை இதே வேலை. கரை நாடாவை எறியும் துணையாள் கொஞ்சம் இறுக்கினால் எல்லை சுருங்கும், தளர்த்தினால் இடைவெளி விழும். அரக்கு உடலும் பச்சைக் கரையும் ஒன்றில் ஒன்று கலக்காமல் நிற்பது இந்தப் பிடிப்பால்தான். ஒரே நாடாவைக் கரைமுதல் கரைவரை ஓடவிட்டு நெய்தால் உடலின் நிறம் கரைக்குள் புகுந்து பச்சையை மங்கவைக்கும். முந்தி தொடங்குமிடத்திலும் பழைய முறை இதே கண்டிப்புடையது: உடலின் பாவு இழைகளை முந்தியின் புதிய பாவு இழைகளோடு பிணைத்து நெய்யும் பிட்னியில் மெல்லிய மேடு ஒன்று விரலுக்குத் தட்டுப்படும்.

அமைப்பை விதியாகக் காண்போர் இந்த இடத்தில் ஜக்கார்டை எடுத்துக்காட்டுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோனில் உருவான அந்தக் கருவியின் துளை அட்டைகளைத்தான் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். எந்தப் பாவு இழை எப்போது எழ வேண்டும் என்பதை அட்டை சொல்லிவிடும். எனவே அமைப்பு முழுவதும் அட்டையில் அடங்கும் என்பது அவர்கள் வாதம். பூவேலைக்கு அது சரி. எல்லையில் இழை எவ்வளவு இறுக வேண்டும் என்பது எந்தத் துளையிலும் இல்லை. அது கையில் இருக்கிறது.

சமூக அமைப்பையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழன் செப்பேடுகள், பத்தாம் நூற்றாண்டுக் காஞ்சியில் நான்கு சேரிகளில் குடியிருந்த பட்டசாலியர் என்னும் நெசவாளரிடம் ஊரகத்துப் பெருமாள் கோயிலின் நிருவாகப் பொறுப்பு விடப்பட்டதைக் காட்டுகின்றன. கோயிலும் தறியும் அருகருகே இருந்ததால் மட்டும் நகரம் உருவாகிவிடவில்லை. இரண்டையும் பிணைத்தது அந்தப் பொறுப்பு. செப்பேடு அதைப் பெயர் சொல்லிப் பதிந்து, உரியவர்க்கு வரிச்சலுகையும் தந்தது.

தறியின் துணையாளுக்கு அப்படி ஒரு பதிவு வாய்க்கவில்லை. நெடுங்காலம் அந்த இடத்தில் உட்காரவைக்கப்பட்டவர்களில் பலர் சிறுவர்கள், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக. அது கொடுமை, பள்ளிகளும் சட்டமும் தொண்டு அமைப்புகளும் அவர்களைத் தறியிலிருந்து விடுவித்தது நகரம் செய்துகொண்ட நல்ல காரியம். ஆனால் பொருத்துமிடம் காலியானது. கோர்வை அருகுவதற்குத் திறன் மறைந்ததே காரணம் என்று சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. எறியத் தெரிந்த கைகள் ஊரில் இருக்கின்றன. கூலி, புடவைக்கு இவ்வளவு என்று நெசவாளருக்குப் பேசப்படுகிறது. துணையாளின் பங்கு அதற்குள்ளிருந்தே போக வேண்டும், வீட்டுப் பெண் உட்கார்ந்தால் அதுவும் கணக்கில் வராது. சிறுவனுக்குக் கொடுத்த அற்பக் கூலியை வைத்து நிலைத்த விலை, வளர்ந்த ஒருவரின் முழுநாள் கூலியைத் தாங்கவில்லை. கூட்டுறவுச் சங்கங்களின் கூலிப் பட்டியலில் கோர்வைக்கான இரண்டாம் ஆளின் கூலி தனி வரியாக ஏறும்வரை, ஒரே நாடாவில் நெய்த புடவைகளே கடைகளில் பெருகும்.